பார்டெயோவ் – செங்கோவா ஒருநாள் பயணம்: விமர்சனம்

பார்டெயோவ் – செங்கோவா ஒருநாள் பயணம் என்பது ஸ்லோவாக்கியாவின் வடகிழக்கில் உள்ள பார்டெயோவ் நகரில் தொடங்கி, கார்பாத்திய மலையின் தாழ்ந்த முகடு ஒன்றைக் கடந்து, தென் போலந்தின் கோர்லித்செ வட்டாரத்தில் முடியும் சாலைப் பயணம் ஆகும். பழைய வணிக நகரங்களும் மரத்தால் கட்டிய தேவாலயங்களும் இதன் ஈர்ப்பு. தொலைவு அதிகமில்லை. காலையில் காரில் கிளம்பினால் இருட்டுவதற்குள் முடித்துவிடலாம். 2007 டிசம்பர் 21 அன்று இரு நாடுகளும் ஷெங்கன் பகுதியில் சேர்ந்தபின் எல்லையில் இருந்த நிரந்தரச் சோதனையும் நீங்கியது. செலவுக்கு மட்டும் இந்தப் பக்கம் யூரோவும் அந்தப் பக்கம் ஸ்வோத்தியும் வேண்டும்.

இப்பயணத்தைப் பற்றிய கையேடுகளும் குறிப்புகளும் பெரும்பாலும் மூன்று விஷயங்களையே சொல்கின்றன: கட்டடம் எவ்வளவு பழையது, ஆணி இல்லாமல் எப்படிக் கட்டினார்கள், எவ்வளவு அழகாக இருக்கிறது. இவை தவறான செய்திகள் அல்ல. ஆனால் இதே வழியில் வேறொன்று கண்முன் கிடக்கிறது. மலையின் இரு சரிவிலும் ஒரே மக்கள், ஒரே சபை, ஒரே தச்சு முறை இருந்தன. 20ஆம் நூற்றாண்டு ஒரு சரிவில் மக்களை அகற்றிக் கட்டடத்தை விட்டுவைத்தது. மறு சரிவில் மக்களை விட்டுவைத்துச் சபையைத் தடை செய்தது. இரண்டையும் ஒரே பகலில் பார்க்க முடிவதுதான் இப்பயணத்தின் தனிச் சிறப்பு. வழக்கமான பயணத் திட்டம் அதைத்தான் தவறவிடுகிறது.

தேவாலயம் என்ற சொல்

முதலில் ஒரு சொற்சிக்கல். தமிழில் எல்லாவற்றையும் தேவாலயம் என்றே எழுதிவிடுகிறோம். போலிஷ் மொழியில் இரண்டு சொற்கள் உண்டு. உரோமை வழிபாட்டு முறையைச் சேர்ந்தது கோஷ்சியூ. கிழக்கத்திய, அதாவது பைசாந்திய முறையைச் சேர்ந்தது செர்கியெவ். உக்ரைனிய மொழியில் பின்னதைச் செர்க்வா என்பார்கள். ஊரில் உள்ளவருக்கு இது வெறும் பெயர் வேறுபாடு அல்ல. எந்த மொழியில் செபம், எந்த நாட்காட்டிப்படி திருவிழா, குருவுக்கு மனைவி இருக்கலாமா கூடாதா என்பது வரை இந்தச் சொல்லில் அடங்கியிருந்தது.

இந்த வட்டாரத்துச் செர்க்வாக்கள் பெரும்பாலும் கிரேக்கக் கத்தோலிக்கருடையவை. 1596ஆம் ஆண்டு பிரெஸ்ட் ஒன்றிப்பாலும் 1646ஆம் ஆண்டு உஷ்ஹொரோத் ஒன்றிப்பாலும் திருத்தந்தையை ஏற்றுக்கொண்டு, வழிபாட்டில் மட்டும் பைசாந்திய முறையைத் தொடர்ந்தவர்கள் இவர்கள். கட்டியவர்கள் ருசின் மக்கள். போலந்துப் பக்கத்தில் இவர்களுக்கு லெம்கோ என்று பெயர். செர்க்வாவையும் கோஷ்சியூவையும் பிரித்தறியாமல் இவ்வழியில் போனால் எல்லாமே சாய்ந்த கூரையுள்ள மரக் கட்டடமாகத்தான் தெரியும். எனவே இக்கட்டுரையில் கிழக்கத்திய முறைக் கோவில்களைச் செர்க்வா என்றே குறிப்பிடுகிறேன்.

பார்டெயோவ்

1376இல் அரச சுதந்திர நகரம் என்ற தகுதி பெற்ற பார்டெயோவ், ஹங்கேரிக்கும் போலந்துக்கும் இடையே நடந்த வணிகத்தாலும் துணி வெளுப்புத் தொழிலாலும் வளர்ந்தது. 2000இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. நீள்சதுரச் சந்தைத் திடல், அதன் மூன்று பக்கமும் குறுகிய முகப்புள்ள வீடுகள், நான்காம் பக்கம் புனித எகிடியுஸ் கோவில், நடுவே 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய நகர மன்றம். பயணத் திட்டங்கள் இங்கே ஒரு மணி நேரமும் ஒரு காபியும் ஒதுக்குகின்றன. இது போதாது.

புனித எகிடியுஸ் கோவிலுக்குள் கோதிக் காலத்துச் சிறகுப் பீடங்கள் 11 உள்ளன. கதவு போலத் திறந்து மூடும் ஓவியப் பலகைகளும், நடுவே மரச் சிற்பங்களும் கொண்டவை இவை. ஒரே கோவிலில் இத்தனை பீடங்கள் இருந்த இடத்திலேயே நிலைத்திருப்பது அரிது. நகரம் லூத்தரன் சபைக்கு மாறிய காலம் ஒன்று உண்டு. புனிதர்களின் உருவங்களை அகற்றிய ஊர்கள் ஐரோப்பாவில் பல. பார்டெயோவ் லூத்தரன்கள் அவற்றை உடைக்கவில்லை. அக்காலத்தில் நகரப் பள்ளியை நடத்தியவர் லியோனார்ட் ஸ்டோக்கல் (1510–1560). விட்டன்பர்க்கில் படித்துத் திரும்பிய இவரை ஹங்கேரியின் ஆசிரியர் என்று அழைத்தார்கள். அவருடைய பள்ளி நின்ற இடம் கோவிலுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. வழிகாட்டிகள் அதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ஒரு பள்ளி ஆசிரியருக்கு அது கொஞ்சம் வருத்தம்தான்.

திடலை விட்டுச் சற்று வெளியே வந்தால் யூதர் குடியிருப்பின் வளாகம் உள்ளது. தொழுகைக்கூடம், சடங்குக் குளியல் இடம் எல்லாம் அங்கே உண்டு. போருக்கு முன் ஊராரில் கணிசமானோர் யூதர்கள். 1942இல் ஸ்லோவாக்கியாவிலிருந்து யூதர்களை நாடுகடத்தத் தொடங்கியபின் அந்தச் சமூகம் இங்கே அழிந்தது. வளாகம் நிற்கிறது. பயணத்தின் முதல் மணி நேரத்திலேயே இதைப் பார்த்துவிட்டால், பிற்பகலில் மலைக்கு அப்பால் பார்க்கப்போவது புதிதாக இருக்காது.

ஹெர்வார்தோவும் யெட்லின்காவும்

பார்டெயோவுக்குத் தென்மேற்கே சுமார் 9 கி.மீ. தொலைவில் ஹெர்வார்தோவ். இங்குள்ள அசிசி புனித பிரான்சிஸ் கோவில் 15ஆம் நூற்றாண்டின் இறுதியைச் சேர்ந்தது. ஸ்லோவாக்கியாவில் எஞ்சியுள்ள மரத் தேவாலயங்களில் மிகப் பழையவற்றுள் ஒன்று. உரோமன் கத்தோலிக்கக் கோவில், ஆகவே கோஷ்சியூ வகை. கூட்டத்தை எதிர்பார்க்காத சிறிய கட்டடம். அகலம் குறைவு, உயரம் அதிகம். உள்ளே மரச் சுவரில் 1665இல் தீட்டிய ஓவியங்கள் உள்ளன: ஆதாமும் ஏவாளும், அறிவுள்ள கன்னியரும் அறிவிலாக் கன்னியரும், வலுசர்ப்பத்தோடு பொருதும் புனித ஜார்ஜ். கிராமத்து ஓவியரின் கை என்பது தெரிகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குப் பாடம் நடத்தும் சுவர் அது, கரும்பலகை போலத்தான்.

எல்லாப் பயணத் திட்டங்களிலும் ஹெர்வார்தோவ் இருக்கிறது. காரணம் எளிது: யுனெஸ்கோ பட்டியலில் உள்ளது. எல்லைப் பக்கம் வடக்கே இருக்கும் யெட்லின்கா அநேகமாக எதிலும் இல்லை. காரணம் அதேதான்: பட்டியலில் இல்லை. யெட்லின்காவின் செர்க்வா 1763ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இறைவனின் தாயின் அடைக்கலம் என்ற பெயரில் நேர்ந்தளிக்கப்பட்டது. மூன்று பகுதிகளாக அமைந்தது. மேற்கே பெண்கள் நின்ற முன்கூடம், நடுவே மக்கள் நிற்கும் கூடம், கிழக்கே திருத்தூயகம். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோபுரம். மேற்குக் கோபுரம் எல்லாவற்றிலும் உயரம். கிழக்கே போகப்போக உயரம் குறைந்துகொண்டே வரும். லெம்கோ வகைச் செர்க்வாவை அடையாளம் காண இது ஒன்றே போதும். உரோமை முறைக் கோவிலுக்கும் இதற்கும் தச்சு வேலை ஒன்றுதான். செதுக்கிய மரங்களைக் கிடையாக அடுக்கி, மூலையில் காடி வெட்டி ஒன்றுக்குள் ஒன்று பூட்டுவார்கள். கூரைக்கும் கோபுரத்துக்கும் மரச் சில்லுகளை மீன் செதில் போல வேய்வார்கள்.

இந்தச் சபைக்கு ஸ்லோவாக்கியாவில் நேர்ந்ததைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1950 ஏப்ரல் 28 அன்று பிரெஷோவில் நடத்திய கூட்டம் ஒன்றின் பெயரால், கம்யூனிச அரசு கிரேக்கக் கத்தோலிக்கச் சபையையே இல்லாததாக்கி, அதன் கோவில்களை ஆர்த்தடாக்ஸ் சபையிடம் கொடுத்தது. ஆயர் பாவெல் பீட்டர் கொய்திச் சிறையில் அடைக்கப்பட்டு, 1960இல் லெயோபோல்டோவ் சிறையிலேயே இறந்தார். 1968இல்தான் சபை மீண்டும் அனுமதி பெற்றது. ஆகவே ஸ்லோவாக்கியப் பக்கம் எல்லாம் நலமாக இருந்தது என்று சொல்வதற்கில்லை. ஆனால் மக்கள் ஊரில் இருந்தார்கள். சபை திரும்பியபோது அதை ஏற்க ஆள் இருந்தது. யெட்லின்கா இன்றும் கிரேக்கக் கத்தோலிக்கச் செர்க்வாதான்.

நேரம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ஹெர்வார்தோவை விட்டுவிட்டு யெட்லின்காவுக்குப் போக வேண்டும் என்பது என் கருத்து. ஹெர்வார்தோவின் கோவில்தான் பழையது, ஓவியங்களும் அங்கேதான். ஆனாலும் யெட்லின்காவைப் பார்க்காதவருக்கு அடுத்து வரும் க்வியாதோன் ஓர் அழகிய கட்டடம் மட்டுமே.

எல்லையில்

ஸ்லோவாக்கியாவின் பெக்கெரோவ் ஊருக்கும் போலந்தின் கொனியெச்னா ஊருக்கும் இடையே சாலை முகட்டைக் கடக்கிறது. பழைய காலத்தில் இது ஹங்கேரி அரசுக்கும் போலந்துக்கும் எல்லை. பின்னர் 1918 வரை ஆஸ்திரியாவின் கலீசியாவுக்கும் ஹங்கேரிக்கும் எல்லை. அக்காலத்தில் இரு பக்கமும் ஒரே பேரரசர்தான்.

கொனியெச்னாவில் ஊர்ப் பெயர்ப்பலகையைக் கவனிக்க வேண்டும். போலிஷ் பெயருக்குக் கீழே சிரில்லிக் எழுத்தில் லெம்கோ பெயர் இருக்கும். அடுத்து வரும் ஸ்டினியாவிலும் அப்படியே. ஆண்டுதோறும் ஜூலையில் லெம்கோ மக்கள் கூடும் வாத்ரா விழா ஸ்டினியாவில்தான் நடக்கிறது. காரை நிறுத்தாமல் போகிறவர்கள் தவறவிடுவது இந்தப் பலகைகளைத்தான்.

இதே முகட்டில் முதல் உலகப் போரின் கல்லறைத் தோட்டங்கள் சில உள்ளன. 1914–15 குளிர்காலத்தில் போர்முனை இங்கே நின்றது. 1915 மே மாதம் கோர்லித்செயில் ரஷ்யப் படை முறியடிக்கப்பட்டது. இறந்தவர்களுக்குக் கல்லறைத் தோட்டம் அமைக்க ஆஸ்திரிய இராணுவம் அமர்த்திய கட்டடக் கலைஞர்களில் ஒருவர் துஷான் யுர்கோவிச் (1868–1947). ஸ்லோவாக்கியர். இவர் இந்த மலையின் மரக் கட்டடங்களைப் பார்த்து, அதே மரச் சில்லுக் கூரையோடு கோபுரங்கள் எழுப்பினார். ரெகியெத்தூவ் ஊருக்கு மேலே ரொத்துந்தா என்ற குன்றின் உச்சியில் இருக்கும் ஐந்து மரக் கோபுரங்கள் அவற்றுள் புகழ்பெற்றவை. இரு தரப்புப் படைவீரர்களும் அருகருகே புதைக்கப்பட்டிருக்கிறார்கள். குன்றேற நடக்க வேண்டும் என்பதால் ஒருநாள் பயணத்தில் ரொத்துந்தா அடங்காது. ஆனால் செர்க்வாவின் வடிவத்தை முதலில் கலையாகக் கண்டு எடுத்தாண்ட நவீனக் கலைஞர் ஒருவரின் வேலை அது. மரத் தேவாலயங்களைப் பற்றி எழுதுகிறவர்கள் அவரை ஒரு வரியிலாவது குறிப்பிட வேண்டும்.

க்வியாதோன்

க்வியாதோனின் புனித பரஸ்கேவா செர்க்வா 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியைச் சேர்ந்தது. மேற்குக் கோபுரம் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. லெம்கோ வகைக்கு இதைவிட முழுமையான எடுத்துக்காட்டு இல்லை என்று பலர் எழுதியிருக்கிறார்கள். மறுக்க இடமில்லை. கோபுரச் சுவர்கள் லேசாக உள்நோக்கிச் சாய்ந்து மேலேறுகின்றன. சுவரும் கூரையும் ஒரே மரச் சில்லால் வேயப்பட்டிருப்பதால் சுவர் எங்கே முடிந்து கூரை எங்கே தொடங்குகிறது என்று கண் தடுமாறும். உள்ளே திருவோவியத் தடுப்பு, அதாவது மக்கள் நிற்கும் கூடத்தையும் திருத்தூயகத்தையும் பிரிக்கும் ஓவியச் சுவர், அப்படியே இருக்கிறது.

ஆனால் இன்று இது உரோமன் கத்தோலிக்கக் கோவில்.

1944 முதல் 1946 வரை லெம்கோ மக்களில் பெரும்பகுதியினர் சோவியத் உக்ரைனுக்கு அனுப்பப்பட்டார்கள். எஞ்சியவர்களை 1947 ஏப்ரல் 28இல் தொடங்கிய விஸ்துலா நடவடிக்கை வெளியேற்றியது. உக்ரைனியரும் லெம்கோக்களுமாகச் சுமார் 1,40,000 பேர், ஜெர்மனியிடமிருந்து போலந்து பெற்ற மேற்கு, வடக்குப் பகுதிகளில் பிரித்துப் பிரித்துக் குடியேற்றப்பட்டார்கள். உக்ரைனிய ஆயுதக் குழுக்களை ஒடுக்குவது அரசு சொன்ன காரணம். குடிகள் இல்லாத ஊரில் கோவில் என்ன ஆகும்? சில இடிந்தன. சில கிடங்காயின. சில உரோமன் கத்தோலிக்கப் பங்குகளிடம் சேர்ந்தன. க்வியாதோன் மூன்றாவது வகை.

இங்கே நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மரக் கட்டடத்தைப் பூட்டிவைத்துக் காப்பாற்ற முடியாது. கூரைச் சில்லு மாற்றாவிட்டால் சில பத்தாண்டுகளில் மழை உள்ளே இறங்கிவிடும். க்வியாதோன் பிழைத்ததற்குக் காரணம், புதிதாக வந்தவர்கள் அதில் வழிபட்டதும் பராமரித்ததும்தான். திருவோவியத் தடுப்பு அவர்களுடைய வழிபாட்டுக்குத் தேவையில்லை, ஆனாலும் அகற்றவில்லை. பார்டெயோவ் லூத்தரன்கள் பீடங்களை விட்டுவைத்ததை இங்கே நினைத்துக்கொள்ளலாம். ஒரு வேறுபாடு: பார்டெயோவில் அதே ஊரார் சபை மாறினார்கள். இங்கே ஊராரே மாற்றப்பட்டார்கள்.

கையேடுகளில் இந்த வரலாறு எழுதப்படாமல் இல்லை. கட்டடத்தின் அளவுகளுக்கும் கோபுரத்தின் வகைக்கும் பிறகு, 1947க்குப் பின் உரோமன் கத்தோலிக்கக் கோவிலானது என்று ஒரே வாக்கியத்தில் வருகிறது. யார் போனார்கள், எப்படிப் போனார்கள் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. எழுவாய் இல்லாத வாக்கியம் என்று வகுப்பில் சிவப்பு மையால் சுழித்திருப்பேன்.

மூன்று பட்டியல்கள்

இந்த வழியில் யுனெஸ்கோவின் மூன்று தனித்தனிப் பதிவுகள் குறுக்கிடுகின்றன. 2003இல் தென் மவோபோல்ஸ்காவின் மரத் தேவாலயங்கள் என்று ஆறு. எல்லாம் உரோமன் கத்தோலிக்கம், எல்லாம் போலந்து. 2008இல் கார்பாத்திய மலையின் ஸ்லோவாக்கியப் பகுதி மரத் தேவாலயங்கள் என்று எட்டு. அதில் உரோமன் கத்தோலிக்கம் 2, புராட்டஸ்டன்ட் 3, கிரேக்கச் சபை 3. 2013இல் போலந்து, உக்ரைன் நாடுகளின் செர்க்வாக்கள் என்று பதினாறு, நாட்டுக்கு எட்டு. க்வியாதோன் இந்தக் கடைசிப் பதிவில் வருகிறது.

மூன்றையும் அருகருகே வைத்தால் கோடு எங்கே போட்டிருக்கிறார்கள் என்பது தெரியும். ஸ்லோவாக்கியப் பட்டியல் நாட்டெல்லையைப் பார்த்தது, சபையைப் பார்க்கவில்லை. போலந்தின் முதல் பட்டியல் இரண்டையும் பார்த்தது. 2013ஆம் ஆண்டுப் பட்டியல் எல்லையைத் தாண்டியது. ஆனால் கிழக்கே உக்ரைன் பக்கம் மட்டும். அதனால் யெட்லின்காவும் க்வியாதோனும் ஒரே பட்டியலில் சேர வாய்ப்பே இல்லாமல் போயிற்று. ஸ்லோவாக்கியப் பட்டியலிலுள்ள மூன்று செர்க்வாக்களும் (போட்ருஷால், லடோமிரோவா, ருஸ்கா பிஸ்த்ரா) மேலும் கிழக்கே இருக்கின்றன. விண்ணப்பம் செய்வது அரசுகள் என்பதால் இப்படி ஆவது புரிகிறது. ஆனால் பயணத் திட்டம் போடுகிறவருக்கு அந்தக் கட்டாயம் எதுவும் இல்லை.

2013ஆம் ஆண்டுப் பட்டியலின் தலைப்பில் செர்க்வா என்ற சொல்லையே வைத்திருப்பதைப் பாராட்ட வேண்டும்.

ஓவ்சாரி

கோர்லித்செக்குத் தெற்கே, செங்கோவாவுக்கு அருகில் உள்ளது ஓவ்சாரி. இதன் செர்க்வா 1653ஆம் ஆண்டைச் சேர்ந்தது; பட்டியலில் உள்ளது. ஊரின் பழைய பெயர் ரிக்வால்டு. குடிகள் வெளியேற்றப்பட்ட பின் பெயரும் மாறியது.

1956க்குப் பிறகு லெம்கோ குடும்பங்கள் சில மலைக்குத் திரும்பின. ஓவ்சாரியில் இன்று உரோமன் கத்தோலிக்கரும் கிரேக்கக் கத்தோலிக்கரும் ஒரே கட்டடத்தில் முறைவைத்து வழிபடுகிறார்கள். கட்டடக் கலை என்று பார்த்தால் க்வியாதோனுக்கு அடுத்தபடிதான். ஆனால் இவ்வழியில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஒரு கோவிலை இரண்டு சபைகள் பகிர்வது எளிதாக இருந்திருக்காது. அதைப் பற்றி அறிவிப்புப் பலகையில் ஒரு வரி. பயணக் கையேடுகளில் பெரும்பாலும் அதுவும் இல்லை.

பியெச், பினாரோவா

வழக்கமான திட்டம் இதற்குப் பின் கோர்லித்செயைக் கடந்து பியெச் நகருக்கு விரைகிறது. கோர்லித்செயை அப்படிக் கடப்பது தகும். 1915 போரில் நகரம் பெரிதும் அழிந்துவிட்டது. பியெச்சில் நகர மதிலின் எச்சம், நகர மன்றத்தின் உயர்ந்த கோபுரம், செங்கல் கோவில், 1395இல் அரசி யாத்விகா நிறுவிய மருத்துவமனை எல்லாம் உண்டு. வழிகாட்டிகள் இங்கே தூக்குத்தண்டனையாளர்களுக்குப் பயிற்சிப் பள்ளி இருந்தது என்ற கதையைத்தான் அதிகம் சொல்கிறார்கள். மரண தண்டனை விதிக்கும் உரிமை நகரத்துக்கு இருந்தது. பள்ளி என்பது கட்டுக்கதை. அருகே பினாரோவாவின் மரக் கோவிலில் சுவரும் மேற்கூரையும் இடைவெளியின்றி ஓவியம். அதைப் பார்க்கவே ஒரு மணி நேரம் வேண்டும். லிபுஷா என்ற பக்கத்து ஊரில் இதே காலத்து மரக் கோவில் ஒன்று 1986இல் எரிந்துபோனது. அதை அறிந்தவர் பினாரோவாவுக்குள் அவசரப்பட மாட்டார்.

எனவே இவ்விரண்டையும் இந்த நாளில் சேர்ப்பது தவறு. இன்னொரு நாளுக்கு வைக்கலாம். ஒரே பகலில் ஆறாவது மரக் கோவிலைப் பார்க்கும்போது கண் எதையும் வாங்குவதில்லை.

செங்கோவா

கடைசியாகச் செங்கோவா. புனித பிலிப்பு, யாக்கோபு பெயரிலுள்ள இந்தக் கோஷ்சியூ சுமார் 1520ஆம் ஆண்டைச் சேர்ந்தது. 2003ஆம் ஆண்டுப் பட்டியலில் உள்ளது. கூரை தரையைத் தொட்டுவிடுமோ என்பதுபோல் நாற்புறமும் இறங்குகிறது. முதல் உலகப் போரில் போர்முனை இதன் வழியே சென்றது. படைவீரர்கள் இதன் மரங்களைப் பெயர்த்துப் பதுங்குகுழிக்கும் குளிர்காயவும் எடுத்தார்கள். பிறகு பழுதுபார்த்துக் கட்டியதைத்தான் நாம் இன்று பார்க்கிறோம். உள்ளே ஓவியம் குறைவு. அழகெல்லாம் வெளியேதான், அதுவும் சாயங்கால வெயிலில்.

தாழ்ந்த கூரையின் கீழே சுவரைச் சுற்றித் திண்ணை போன்ற ஒரு தாழ்வாரம் ஓடுகிறது. அதற்குப் போலிஷில் சொபோத்தி என்று பெயர். சனிக்கிழமைகள் என்று பொருள். தொலைவிலுள்ள ஊர்களிலிருந்து ஞாயிறு திருப்பலிக்கு வருகிறவர்கள் முந்தின நாளே நடந்து வந்து, இரவு இங்கே படுத்து உறங்கினார்களாம். அதனால் வந்த பெயர் என்கிறார்கள்.